புது ஹிமாலயன் 450-உம் ஏற்காட்டு மலைப்பாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏற்காடு அடிவாரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தினால், டீ வருவதற்குள் யாராவது ஒருவர் குனிந்து ரேடியேட்டரைப் பார்த்துவிடுவார். "அண்ணா, இது தண்ணி வண்டிங்களா?" என்று பேச்சு ஆரம்பிக்கும். "என்ன இருந்தாலும் பழசு மாதிரி வராதுங்க" என்று முடியும். தண்ணி வண்டி என்ற பெயர் எங்கள் குழுவிலும் ஒட்டிக்கொண்டது. "தண்ணி வண்டியில மலைக்குப் போறேன்" என்று போனில் சொன்னதைக் கேட்டு வீட்டில் ஒரு நாள் சண்டையே வந்தது.

நான் சேலம் கோரிமேட்டில் இருக்கிறேன். 2018-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411-ஐ ஆறு வருடம் ஓட்டிவிட்டு 450-க்கு மாறினேன். இரண்டிலும் ஏறியது இதே மலைதான். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. என் சாய்வும் இதில் கலந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பழசுக்கும் புதுசுக்கும் என்னதான் வித்தியாசம்?

பெயரும், முன்னால் 21 அங்குலம் பின்னால் 17 அங்குலம் என்ற சக்கர அளவும் அப்படியே இருக்கின்றன. மற்றபடி கிட்டத்தட்ட எல்லாமே வேறு.

2016-இல் வந்த முதல் ஹிமாலயனில் 411 சிசி இன்ஜின். காற்றும் ஆயிலும்தான் அதைக் குளிர வைக்கும். 24 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றி இழுக்கும் விசை), ஐந்து கியர். 2023 நவம்பரில் வந்த புதுசில் 452 சிசி. நான்கு வால்வு, இரட்டை கேம், 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். சென்னையில் 1955-இல் தொடங்கிய கம்பெனி, கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவம் ஓடும் இன்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை. ஷெர்பா என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முன் ஃபோர்க் தலைகீழ் வகைக்கு மாறிவிட்டது. பின் சஸ்பென்ஷனின் அசைவு 180 மில்லிமீட்டரிலிருந்து 200 ஆகியிருக்கிறது. டேங்க் 15 லிட்டரிலிருந்து 17 லிட்டர். தரை இடைவெளி 220-இலிருந்து 230 மில்லிமீட்டர்.

மலை ஏறும்போது புதுசு இழுக்க மாட்டேங்குதே? 40 குதிரை இருந்து என்ன பிரயோஜனம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேர் வண்டியை ஓட்டியவர்கள், மீதிப் பேர் ஓட்டியவரிடம் கதை கேட்டவர்கள். முதல் தரப்பு சொல்வது பொய் என்று சொல்லமாட்டேன். எனக்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் இருந்தது.

பழைய இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வரும் தூரம் 86. விட்டத்தைவிட ஓட்டம் நீளம். இப்படிப்பட்ட இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். அதன் உச்ச டார்க் 4,000-த்திலிருந்து 4,500 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) கிடைத்துவிடும். 6,500-ஐத் தாண்டினால் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. புதுசில் விட்டம் 84, ஓட்டம் 81.5. விட்டம் பெரிது, ஓட்டம் குட்டை. உச்ச டார்க் 5,500-இல், உச்ச பவர் 8,000-இல். இது சுற்றச் சுற்ற உயிர் பெறும் இன்ஜின்.

இப்போது மலைக்கு வாருங்கள். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். பழைய வண்டியில் நான் பாதி வளைவுகளை மூன்றாவது கியரிலேயே திரும்பிவிடுவேன். முன்னால் டவுன் பஸ் போனாலும் 25 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலேயே போய், வழி கிடைத்ததும் லேசாகத் திருகினால் போதும், ஏர் மாடு மாதிரி தலையைக் குனிந்துகொண்டு ஏறும். அதே இடத்தில், அதே கியரில், அதே வேகத்தில் புது வண்டியைத் திருகினால் உதறும். செயின் அடிப்பதுபோல் இருக்கும். உடனே "இழுக்கல" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

கியரைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவதைப் போட்டு, வெளியே வரும்போது முள் 4,000-த்துக்கு மேல் நிற்கும்படி பாருங்கள். வண்டி எங்கே போய்விட்டது என்று பின்னால் வருபவர் தேடுவார். கையில்தான் சிக்கல். "கியரைக் குறைச்சா பெட்ரோல் குடிக்கும், இன்ஜின் கத்துனா ஆயுசு குறையும்" என்று அப்பாவின் புல்லட்டில் கற்றுக்கொண்ட பாடம் எங்கள் ஊரில் பலருக்கு மணிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. 8,000 சுற்றுக்கென்று செய்த இன்ஜினுக்கு 5,000 என்பது சாதாரண நடை. டாப் கியரில் 2,000-த்தில் வைத்து மேட்டில் இழுப்பதுதான் அதற்கு வலி.

எனக்கு இது பிடிபட மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. எங்கள் குழுவில் ஒரு அண்ணனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர் இறங்கும்போதெல்லாம் பழைய வண்டியைப் புகழ்ந்துகொண்டே இறங்குகிறார்.

சேலத்து வெயிலில் இன்ஜின் சூடாகாதா?

சூடு இரண்டு வகை. இன்ஜினுக்குள் இருக்கும் சூடு ஒன்று, உங்கள் காலில் படும் சூடு இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

காற்றில் குளிரும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிலிண்டரைச் சுற்றியுள்ள துடுப்புகள் மேல் காற்று பட்டால்தான் சூடு இறங்கும். ஏற்காட்டுப் பாதையில் அதற்கு நேர் எதிரான நிலைமை. வேகம் குறைவு, சுமை அதிகம். மே மாதம் கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறும்போது கார்களுக்குப் பின்னால் ஊர்ந்து போனால் பழைய வண்டியில் தொடைக்கு நடுவில் அடுப்பு எரிவது தெரியும்.

புதுசில் கூலண்ட் இன்ஜினைச் சுற்றி ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் அந்த வழியை மூடி வைத்திருக்கும், சூடேறியதும் திறக்கும். அதுவும் போதாவிட்டால் ஃபேன் தானாகச் சுற்றும். அதனால் வண்டி நின்றாலும் இன்ஜினின் சூடு ஓரளவு ஒரே நிலையில் இருக்கும். அந்த நிலைத்தன்மைதான் 11.5-க்கு 1 என்ற அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற கணக்கு) வைக்க இடம் கொடுக்கிறது. பழையதில் அது 9.5-க்கு 1. பவர் கூடியதற்கு இது முக்கியமான காரணம்.

காலில் படும் அனல் என்றால் ஐந்து ரோட்டில் மத்தியான சிக்னலில் நில்லுங்கள், தெரியும். ஃபேன் சுற்றினால் முழங்காலுக்குக் கீழே வெந்நீர் ஆவி மாதிரி வரும். பேன்ட் போட்டிருந்தால் சமாளிக்கலாம். அரை டிரவுசரில் வண்டி ஓட்டுகிறவருக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. அஸ்தம்பட்டி தாண்டி வண்டி நகர ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். வண்டியை நிறுத்தி இக்னிஷனை அணைக்கப்போகும்போது ஃபேன் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், வண்டி தன் வேலையைச் செய்கிறது.

கூலண்ட் குறைந்தால் தண்ணீர் ஊற்றலாமா?

வேறு வழியே இல்லாமல் நடுவழியில் மாட்டிக்கொண்டால், வீடு வந்து சேர, சுத்தமான தண்ணீர். வீட்டு போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். பிறகு கழுவி எடுப்பது பெரும்பாடு.

இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டப்பாவில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

இன்னொன்று. வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியை விட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். அந்தப் பையன் துப்பாக்கி மாதிரி பைப்பை வைத்து ரேடியேட்டரின் மேல் நேராக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். மடங்கிய இடத்தில் காற்று போகாது. லாரிக்குப் பின்னால் போகும்போது தெறிக்கும் கல்லுக்கும் சேர்த்து ஒரு கம்பி வலை கார்டு போட்டுக்கொள்வது நல்லது.

உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பார்களே, ஏற்காட்டில் கூலண்ட் கொதிக்காதா?

இதைக் கேட்டது எங்கள் குழுவில் வரும் அறிவியல் ஆசிரியை அக்கா. கேள்வி சரியானது. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலை வீடுகளில் பருப்பு வேக நேரமாகிறது என்பார்களே, அதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ரேடியேட்டர் திறந்த பாத்திரம் இல்லை, குக்கர். மூடியில் இருக்கும் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சாதாரண அழுத்தத்திலேயே 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். அக்காவிடம் "குக்கர்" என்று சொன்னதும் மேற்கொண்டு கேட்கவில்லை. நாம் இவ்வளவு விளக்கியிருக்க வேண்டியதில்லை.

மேலே போகப் போக பவர் குறையுமா?

குறையும். எல்லா வண்டிக்கும் குறையும். சேலம் நகரம் 280 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கிருந்து ஏற்காட்டுக்கு 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 11 சதவீதம் குறைகிறது, அதே அளவுக்கு இன்ஜின் மூச்சும். காற்று குறைந்ததற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்யத்தான் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனால் முடியும், இல்லாத காற்றைக் கொண்டுவர முடியாது. கணக்குப்படி 40 குதிரை மேலே 35, 36 ஆகும். பழைய 24 குதிரை 21 சொச்சம் ஆகும். பின்னால் ஆளையும் பையையும் ஏற்றி, 1,600 மீட்டரைத் தாண்டிய சேர்வராயன் கோயில் மேட்டில் ஏறும்போது அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரம் உடம்பிலேயே தெரியும்.

நான் ஐந்தரை அடி. கால் எட்டுமா?

இங்கேதான் நான் பழைய வண்டியின் பக்கம் சாய்கிறேன். அதன் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். புதுசில் 825, தேவைப்பட்டால் 845 ஆக உயர்த்திக்கொள்ளலாம். தனியாக விற்கும் தாழ்ந்த சீட்டைப் போட்டால் 805 வரை இறங்கும். 25 மில்லிமீட்டர் என்பது விரல்கடை தூரம். சமதளத்தில் அது ஒன்றுமே இல்லை. கொண்டை ஊசியில் அது எல்லாம்.

ஏன் என்றால் வளைவில் ரோடு உள்பக்கமாகச் சரிந்திருக்கும். நின்றுவிட்டால் ஒரு பக்கம் தரை மேலே வரும், மறு பக்கம் கீழே போகும். பழக்கம் இல்லாதவர் எந்தக் காலை ஊன்றுவது என்று யோசிப்பதற்குள் வண்டி முடிவெடுத்துவிடும். எனக்கு ஒன்பதாவது வளைவில் அது நடந்தது. மேலிருந்து பஸ் இறங்கியது. ஏறும் வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. பஸ் டிரைவரும் நின்றார், பாவம், கையை வேறு காட்டினார். நான்தான் மூன்றாவது கியரிலேயே திரும்பப் பார்த்து, இன்ஜின் அணைந்து, சரிவான பக்கம் காலை ஊன்றினேன். கால் தரையைத் தேடியது, கிடைக்கவில்லை. வேகம் பூஜ்யம். பஸ்ஸில் இருந்த மொத்தக் கூட்டமும் பார்க்க, மெதுவாக, கல்யாண வீட்டுப் பந்தல் சாய்வதுபோல் சாய்ந்தேன். கிராஷ் கார்டு வண்டியைக் காப்பாற்றியது. மானத்துக்குக் கார்டு கிடையாது.

எனவே ஷோரூம் வாசலில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெஸ்ட் ரைடில் ஏதாவது ஒரு சரிவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் காலை ஊன்றிப் பாருங்கள். ஐந்தரை அடிக்குத் தாழ்ந்த சீட் போட்டால் ஓட்டிவிடலாம். ஆசிரியை அக்கா என்னைவிடக் குட்டை. அவர் நிற்கும் முன்னால் இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்றும் பழக்கத்தை வைத்திருக்கிறார். இதுவரை விழவில்லை. என்னிடம் அதைச் சொல்லிக்காட்டாத நாளும் இல்லை.

ரேடியேட்டர், கூலண்ட் எல்லாம் சேர்ந்து எடை கூடியிருக்குமே?

இல்லை. பழசு 199 கிலோ, புதுசு 196. ஆனால் புதுசில் எடை கொஞ்சம் மேலே இருப்பதுபோல் தோன்றும், முழு டேங்கோடு தள்ளிப் பார்த்தால் தெரியும்.

இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டினால் பெட்ரோல் மிச்சம்தானே?

தயவுசெய்து வேண்டாம். ஏற்காட்டில் வேலை செய்துவிட்டு சாயங்காலம் இறங்கும் பலர் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவதை இன்றைக்கும் பார்க்கிறேன். கார்புரேட்டர் காலத்துச் சிக்கனம் அது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரைப் போட்டு, த்ராட்டிலை முழுதாக மூடி இறங்கினால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். கியரில் இறங்குவதும் கிட்டத்தட்ட இலவசம்தான்.

நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். 20 வளைவும் பிடித்துப் பிடித்து வந்தால் டிஸ்க் காய்ந்து, பிரேக் ஆயில் சூடாகி, கடைசி வளைவுகளில் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். புதுசில் முன் டிஸ்க் 320 மில்லிமீட்டர், பழையதைவிட 20 அதிகம். அதற்காக அதைச் சோதிக்க வேண்டாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்பது பழைய லாரி டிரைவர்கள் பேச்சு. அழுத்த விகிதம் கூடிய இன்ஜின் என்பதால் இரண்டாவது, மூன்றாவது கியர் நன்றாகவே பிடித்து நிறுத்துகிறது. அவசரத்தில் ஒரு கியரை அதிகமாகக் குறைத்துவிட்டாலும் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு வழுக்காதபடி ஸ்லிப்பர் கிளட்ச் பார்த்துக்கொள்ளும். கிளட்ச் லீவரும் இலகு. பழையதில் இறங்கி வந்தால் சனிக்கிழமை துணி துவைத்த மாதிரி இடது கை வலிக்கும்.

டியூப் சக்கரமா, டியூப்லெஸ்ஸா?

வந்த புதிதில் நம் நாட்டில் டியூப் உள்ள ஸ்போக் சக்கரம்தான் கிடைத்தது. அதற்கு எழுந்த முணுமுணுப்பு நியாயமானது. டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் 2024-இல் வந்தது. காசு கூடத்தான். யோசிக்காமல் அதை வாங்குங்கள்.

குப்பனூர் பாதையில் ஒரு மாலை எனக்குப் பின் டயர் பஞ்சர். ஆணி சின்னது. சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை எடுத்து ஒட்டத் தெரிந்த கை பக்கத்தில் இல்லை. நண்பர் இன்னொரு வண்டியில் கீழே போய் ஆளைக் கூட்டிவர இரண்டு மணி நேரம். இருட்டிவிட்டது, காட்டெருமை பற்றிய கதைகள் எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. டியூப்லெஸ்ஸாக இருந்தால் ஒரு திரியைச் செருகி, கைப் பம்பில் காற்றடித்துப் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பேன்.

மோடு, ஏபிஎஸ் எல்லாம் இங்கே தேவையா?

மோடு ஈகோ, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு. மலைக்கு பெர்ஃபார்மன்ஸில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஈகோவில் கை திருகியதற்கும் வண்டி கேட்பதற்கும் நடுவில் ஒரு சோம்பல் இருக்கும். மழை நாளில் அந்தச் சோம்பல் நல்லது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது ஏபிஎஸ். பின் சக்கரத்தில் அதை அணைக்கும் வசதி மண் பாதைக்கு. சரளையில் இறங்கும்போது ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதுபோல் இருக்கும், அப்போது அணைக்கலாம். தார் ரோட்டில் வேண்டாம். முக்கியமாக நாகலூர் பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது, சில்வர் ஓக் மரத்தின் இலை உதிர்ந்து, அதன்மேல் பனி இறங்கி, ரோடு எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும். காலை எட்டு மணிக்கு முன் அங்கே ஏபிஎஸ் இல்லாமல் போகும் துணிச்சல் எனக்கு இல்லை.

கூடவே ஒன்று: தோட்டத்துக்குள் போகும் மண் பாதைகள் ஒருவருடைய சொத்து, மலைச்சரிவில் பல இடம் வனத்துறைக்குச் சொந்தம். வண்டி அட்வென்ச்சர் என்பதால் கேட்டைத் தாண்டும் உரிமை வந்துவிடாது.

அந்த வட்ட டிஸ்ப்ளே?

4 அங்குலம், போனோடு இணைத்தால் கூகுள் மேப்பே தெரியும். பார்க்க அழகு. ஏற்காட்டுக்கு மேப் போட்டுப் போகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. போன் சார்ஜ் வேகமாக இறங்கும், சார்ஜர் ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தில் பழைய கம்பீரம் இல்லையே?

இல்லைதான். பழசு பேசும், இது முணுமுணுக்கும், 6,000-த்துக்கு மேல் கத்தும். செவ்வாய்பேட்டையில் வெள்ளிப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் இந்த ஒரே காரணத்துக்காக வாங்கவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். வண்டி வாங்குவது கணக்கு மட்டுமா என்ன? சைலன்சரை மாற்றி ஊரைக் கூட்டுகிறவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. மலையில் எதிரொலிக்கும்.

லோக்கல் மெக்கானிக் பார்ப்பாரா?

செயின், பிரேக் பேட், கேபிள், பஞ்சர் எல்லாம் பார்ப்பார். பழைய இன்ஜினை அடிவாரத்தில் ஸ்பானர் பிடித்த யாரும் காதால் கேட்டே சொல்லிவிடுவார்கள். புதுசில் த்ராட்டிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கேபிள் கிடையாது, எல்லாம் ஒயரும் சென்சாரும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் மாட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு சர்வீஸ் சென்டர்தான். எந்த ஊர் சர்வீஸ் சென்டரானாலும் சனிக்கிழமை விட்டு ஞாயிறு மலைக்குப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு தடவை அப்படித் திட்டம் போட்டு, ஞாயிறு முழுக்க வீட்டில் மாங்காய் அரிந்து கொடுத்தேன்.

மைலேஜ்?

மலையும் ஊரும் கலந்து ஓட்டினால் எனக்கு லிட்டருக்கு 25-க்கும் 30-க்கும் நடுவில். பழையதிலும் ஏறக்குறைய அதேதான். கை எப்படியோ அப்படி.

வேறு எதைப் பார்க்கலாம்?

இதே இன்ஜின், தாழ்ந்த சீட் வேண்டுமென்றால் 2024-இல் வந்த கெரில்லா 450. சீட் 780 மில்லிமீட்டர், இரண்டு சக்கரமும் 17 அங்குலம், எடை 185 கிலோ. தார் ரோட்டு வளைவுகளில் அது ஹிமாலயனைவிடச் சுறுசுறுப்பு. டேங்க் 11 லிட்டர்தான். ஏற்காட்டைத் தவிர வேறெங்கும் போகமாட்டேன், மண்ணிலும் இறங்கமாட்டேன் என்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பழைய இன்ஜினின் நடைதான் வேண்டும் என்றால் 2025-இல் வந்த ஸ்க்ராம் 440. காற்றில் குளிரும் அதே குடும்பம், 443 சிசி, கூடுதலாக ஆறாவது கியர். எடையும் காசும் குறைய வேண்டும், மண் பாதைதான் முக்கியம் என்றால் எக்ஸ்பல்ஸ் 210. அதுவும் கூலண்ட் ஓடும் இன்ஜின்தான். கேடிஎம் 390 அட்வென்ச்சரும் 2025-இல் புது உருவத்தில் 21 அங்குல முன் சக்கரத்தோடு வந்திருக்கிறது. பவர் ஹிமாலயனைவிட அதிகம், விலையும்தான். சுற்றிச் சுற்றி ஓட்டப் பிடித்தவருக்கு அது. நிதானக்காரருக்கு இல்லை.

விலை என்ன?

வந்தபோது ஆரம்ப விலை 2.69 லட்சம், அது அறிமுகத்துக்கு மட்டும். புத்தாண்டு பிறந்ததும் ஏறிவிட்டது. பிறகு 2025 செப்டம்பர் 22-இலிருந்து ஜிஎஸ்டி மாறியது. 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40. முன்பு செஸ்ஸோடு 31-ஆக இருந்தது. ஆக, 350-இல் புல்லட் வாங்கும் மச்சானுக்கு லாபம், நமக்கு நஷ்டம். ரோடு வரி, இன்ஷூரன்ஸ் சேர்த்து ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் கடன் கணக்குப் போடுங்கள்.

டெஸ்ட் ரைடுக்கு எந்த வழி நல்லது?

ஷோரூம்காரர் கொடுக்கும் இரண்டு கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் வண்டி கிடைத்தால், அடிவாரம் வழியாக ஏறுங்கள். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் டீ. பிறகு மலையைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் லூப் ரோடு. கடைசியில் குப்பனூர் வழியாக இறங்குங்கள். முதல் பாதியில் இன்ஜினும் கிளட்சும் தெரியும். லூப் ரோட்டின் மேடு பள்ளத்தில் சஸ்பென்ஷன் தெரியும், பழைய வண்டி இடுப்புக்குச் சொன்னதை இது சொல்லாது. இறக்கத்தில் பிரேக் தெரியும். இதற்குள் மத்தியானம் ஆகியிருக்கும், சேலத்துக்குள் நுழையும்போது ஃபேன் சூடும் தெரிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் போவதானால் பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றுபோனது.

பழைய வண்டி நன்றாக ஓடுகிறது. விற்றுவிட்டு மாறலாமா?

தொப்பூர் கணவாய் தாண்டி பெங்களூரு, ஓசூர் என்று நாற்கரச் சாலையில் அடிக்கடி போகிறவர் என்றால் மாறுங்கள். பழையதில் 100-ஐத் தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா காரா என்று தெரியாது, அவ்வளவு அதிர்வு. புதுசில் ஆறாவது கியரில் அந்த வேகம் சாதாரணம். மலைக்கு மட்டும், மாதம் இரண்டு தடவை, மெதுவாகப் போய் மிளகு பஜ்ஜி தின்றுவிட்டு வருகிறவர் என்றால் காசை வைத்துக்கொள்ளுங்கள், டயர் மாற்றுங்கள், போதும்.

என் பழைய வண்டியை நாகலூர் பக்கம் மிளகு வாங்கி விற்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார். பின்னால் கம்பி கேரியர் வைத்து, இரண்டு பக்கமும் சாக்கு கட்டி ஓட்டுகிறார். போன மாதம் பதினாலாவது வளைவில் கையுறை மாட்டுவதற்காக ஓரமாக நின்றிருந்தேன். மூன்றாவது கியரில், டப் டப் என்று, கையைக் காட்டிவிட்டு என்னைத் தாண்டி ஏறினார்.